ரயில்வே காவலரும் நம் வண்டிகளும்

சில மாதங்களுக்கு முன் மேற்கு மாவட்டமொன்றைச் சேர்ந்த நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, 32 கட்டு ஜமுக்காளங்களை வாடகை வண்டியொன்றில் ஏற்றிக் கிடங்குக்கு அனுப்பியது. சரக்கு மாலைக்குள் போய்ச் சேரவேண்டும். வழியில் ஒரு ரயில்வே கேட். மணி ஒலித்துக்கொண்டிருந்தது; குறுக்குக் கம்பம் இறங்கத் தொடங்கியிருந்தது. முன்னே சென்ற மோட்டார் சைக்கிள்காரர் தலையைக் குனிந்து நுழைந்துவிட்டதைக் கண்ட ஓட்டுநர், தாமும் நுழைந்துவிடலாம் என்று எண்ணி வண்டியை விட்டார். வண்டியின் முகப்புத் தப்பியது. அதற்கு மேல் உயர்ந்திருந்த கட்டுகள் தப்பவில்லை. கம்பம் அவற்றில் மாட்டி முறிந்தது. வண்டி எதிர்ப்புறம் போய் நின்றது. கேட் காப்பாளர் பதற்றத்துடன் தொலைபேசியை எடுத்தார். சற்று நேரத்தில் காக்கி உடையினர் இருவர் வரக் கண்ட ஓட்டுநர், வண்டியையும் சரக்கையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கரும்புத் தோட்டத்துக்குள் புகுந்து மறைந்தார்.

அதன் பிறகு நடந்தவையே இக்கட்டுரையை நாம் எழுதக் காரணம். சங்கத்தின் செயலாளர் மறுநாட்காலை ஊர்க் காவல் நிலையத்துக்குச் சென்றார். அது தங்கள் விவகாரமன்று என்று சொல்லிவிட்டார்கள். ஜங்ஷனிலுள்ள இருப்புப்பாதைக் காவல் நிலையத்துக்குச் சென்றார். அங்கும் அப்படியொரு வழக்குப் பதிவாகவில்லை. அதே ஜங்ஷனில் வேறொரு கட்டடத்தில் ரயில்வே பாதுகாப்புப் படையின் நிலையம் ஒன்று இருப்பதை ஒரு சுமைதூக்கும் தொழிலாளிதான் அவருக்குக் காட்டினார். வண்டி அங்கேதான் நின்றது. இதற்குள் தரகர் ஒருவர் குறுக்கிட்டு, பத்தாயிரம் ரூபாய் இருந்தால் அன்றைக்கே வண்டியை வெளியே கொண்டுவரலாம் என்று காதோடு காதாகச் சொன்னார். செயலாளர் பணம் கொடுக்கவில்லை. நமக்குக் கடிதம் எழுதினார். "இவர்கள் போலீஸ்தானா? நம் வண்டியை நிறுத்தவும் ஆளைப் பிடிக்கவும் பணம் வாங்கவும் இவர்களுக்கு அதிகாரம் உண்டா?" என்பது அவர் கேள்வி.

கேள்வி நியாயமானது. நம் அங்கத்தினருள் வண்டியில்லாதவர் இன்று அரிதாகிவிட்டனர். நூலைச் சுமந்து செல்லும் மொபெட்டும், வாழைத்தார் ஏற்றும் சிறு லாரியும், கரும்பு இழுக்கும் டிராக்டரும் நாள்தோறும் ஏதேனுமொரு ரயில்வே கேட்டைக் கடந்தே தீரவேண்டியிருக்கிறது. ஆனால் அங்கே நிற்கும் காவலர் யார், அவருடைய அதிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்டால் நம்மில் பலர் விழிக்கிறோம். அறியாமையால் சிலர் அஞ்சி ஓடுகின்றனர். சிலர் எதிர்த்துப் பேசிச் சிக்கலைப் பெருக்கிக்கொள்கின்றனர்.

முதலில் ஆள் அடையாளத்தைத் தீர்த்துக்கொள்வோம். ரயில் நிலையத்தில் நாம் காணும் காக்கி உடை ஒன்றல்ல, இரண்டு. அவற்றுள் ஒன்று இருப்புப்பாதைக் காவல்துறை. இது தமிழ்நாட்டுக் காவல்துறையின் ஒரு கிளையே தவிர வேறன்று. அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, மாநிலங்களுக்குரிய பட்டியலில் காவல்துறையைக் குறிப்பிடும்போதே அது ரயில்வே காவலையும் கிராமக் காவலையும் உள்ளடக்கியது என்று வெளிப்படையாகக் கூறுகிறது. ரயிலிலும் நிலையத்திலும் நடக்கும் திருட்டு, அடிதடி, கொலை முதலியவற்றுக்கு முதல் தகவல் அறிக்கை பதிந்து புலன் விசாரிப்பவர்கள் இவர்களே.

மற்றொன்று ரயில்வே பாதுகாப்புப் படை. இது மத்திய அரசைச் சேர்ந்தது. பழைய காலத்தில் 'வாட்ச் அண்டு வார்டு' என்ற பெயரில் ரயில்வேயின் சரக்கைக் காத்த காவற்காரர்களே இதன் முன்னோர். வயதான அன்பர்கள் சிலர் இன்றும் 'வாட்ச் வார்டுக்காரர்' என்றே சொல்வதைக் கேட்கிறோம். 1957ஆம் ஆண்டின் ரயில்வே பாதுகாப்புப் படைச் சட்டம் இதற்கு உருக்கொடுத்தது. 1985ஆம் ஆண்டுத் திருத்தம் இதனை ஒன்றியத்தின் ஆயுதப் படை என்ற நிலைக்கு உயர்த்தியது. ரயில்வேயின் சொத்து, பயணிகள், பயணிகள் நடமாடும் பகுதி ஆகியவற்றைக் காப்பது இதன் கடமை. (அமெரிக்க நாட்டில் ரயில் கம்பெனியே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் காவலருக்குப் பல மாநிலங்கள் போலீஸ் அதிகாரம் வழங்கியிருக்கின்றன. அந்தக் குழப்பமாவது நமக்கில்லை; நம்முடைய இரண்டும் சர்க்கார் படைகளே.)

தோள்பட்டைப் பட்டயத்தைப் பார்த்தால் இன்னார் எனத் தெரிந்துவிடும். இருப்புப்பாதைக் காவலருக்கு மாநிலப் போலீஸ் அதிகாரியின் முழு அதிகாரமும் உண்டு. பாதுகாப்புப் படையினரின் அதிகாரமோ சில சட்டங்கள் அளவிட்டுக் கொடுத்தது. கொடுத்த இடத்தில் அது மிக வலியது. கொடாத இடத்தில் அது இல்லை. அந்த இடங்கள் எவை என்பதே நாம் அறிய வேண்டியது.

அவற்றுள் தலையாயது கேட். 1989ஆம் ஆண்டின் ரயில்வேச் சட்டம் 160ஆம் பிரிவில் இரண்டு குற்றங்களைக் கூறுகிறது. சாலைப் போக்குவரத்துக்கு மூடப்பட்ட கேட்டையோ சங்கிலியையோ தடுப்பையோ ரயில்வே ஊழியர் அல்லது அதிகாரம் பெற்றவர் தவிர வேறொருவர் திறந்தால் 3 ஆண்டு வரை சிறை. அதனை உடைத்தால் 5 ஆண்டு வரை சிறை. இப்பிரிவைப் படிக்கும்போது நம் கண்ணை உறுத்துவது அதில் உள்ளதைவிட அதில் இல்லாததே. 'அல்லது அபராதம்' என்ற சொற்கள் அங்கே எழுதப்படவில்லை. சிறு சாலைக் குற்றங்களுக்கு அபராதம் கட்டி ரசீது வாங்கிப் பழகிய நம் ஓட்டுநர்கள் இதனையும் அவ்வகையாகவே எண்ணியிருக்கின்றனர். உடைத்த குற்றத்துக்கு ஜாமீனும் உரிமையாகக் கிடைப்பதன்று. மாஜிஸ்டிரேட்டின் மனத்தைப் பொறுத்தது.

ஒரு கம்பத்துக்கு ஏன் இத்தனை கடுமை என்று கேட்கலாம். கேட் வேலைசெய்யும் முறையைத் தெரிந்துகொண்டால் காரணம் விளங்கும். ரயில் வருமுன் நிலைய அதிகாரி கேட் காப்பாளரைத் தொலைபேசியில் அழைத்துத் தகவல் சொல்கிறார். காப்பாளர் கேட்டை மூடிப் பூட்டுகிறார். கேட்டும் சிக்னலும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட இடங்களில், கேட் பூட்டப்பட்டாலன்றிச் சிக்னல் ரயிலுக்கு வழிவிடாது. சிக்னல் வழிவிட்ட பின்னர்க் கேட்டைத் திறக்கவும் இயலாது. நெசவாளப் பெருமக்களுக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை. மிதியை அழுத்திப் பாவு பிரிந்தாலன்றி நாடா ஓட வழியில்லை. பிரியாத பாவில் நாடாவை எறிந்தால் இழை அறும். கம்பம் முறிந்தால் இந்தப் பிணைப்பு அறுந்துபோகிறது. சிக்னல் சிவப்பிலேயே நின்றுவிடுகிறது. ரயில் கேட்டுக்கு வெளியே நின்று, காப்பாளர் சாலையின் குறுக்கே சங்கிலியைக் கட்டிக் கைச்சைகை காட்டிய பின்னரே மெல்லக் கடக்க வேண்டும். பின்னால் வரும் வண்டிகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒருவர் ஐந்து நிமிடம் மிச்சம்பிடிக்க முயன்றதன் விலை இது.

பிணைப்பில்லாத கேட்டுகளில் நிலைமை இன்னும் நுட்பமானது. அங்கே தொலைபேசிச் சொல்லும் காப்பாளரின் கையுமே காவல். கடலூருக்கருகே செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8ஆம் நாள் காலை பள்ளி வேன் ஒன்றின்மீது விழுப்புரம்–மயிலாடுதுறைப் பயணிகள் ரயில் மோதி மாணவர் மூவர் மாண்டனர். அந்தக் கேட் சிக்னலோடு பிணைக்கப்படாத கேட். கேட் காப்பாளர் கைது செய்யப்பட்டார். இதனை இங்கு நாம் குறிப்பிடுவது, சட்டம் ஓட்டுநரை மட்டுமே குறிவைத்து எழுதப்பட்டது என்று யாரும் எண்ணாதிருக்கவே. திறந்திருக்கும் கேட்டை நம்பிச் செல்பவருக்கு அந்நம்பிக்கை உரிமை. அதனைக் காப்பது ரயில்வேயின் பொறுப்பு. ஆனால் காப்பாளரிடம் "கொஞ்சம் தூக்குங்கள், போய்விடுகிறோம்" என்று நச்சரிக்கும் பழக்கம் நம் ஊர்களில் பரவலாக இருப்பதையும் மறைப்பதற்கில்லை. அவர் இரங்கித் தூக்கினால் அவர் வேலை போகும்; நம் பிள்ளைகளின் உயிரும் போகலாம்.

இனி, 160ஆம் பிரிவுக் குற்றம் செய்தவரை யார் பிடிக்கலாம் என்பதைப் பார்ப்போம். இதற்கு விடை அதே சட்டத்தின் 179ஆம் பிரிவில் இருக்கிறது. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், மத்திய அரசின் அறிவிக்கை மூலம் அதிகாரமளிக்கப்பட்ட அதிகாரி, அதாவது ரயில்வே பாதுகாப்புப் படையின் அதிகாரி, வாரண்டு இன்றியே கைதுசெய்யலாம். உதவிக்கு வேறு ஆட்களையும் அழைத்துக்கொள்ளலாம். விசாரணை நடத்தவும், அதற்கு வேண்டிய பொருளையும் ஆவணத்தையும் கைப்பற்றவும் அதே திருத்தம் வழிசெய்தது. மேலும், இக்குற்றத்தை அவ்வதிகாரி கொடுக்கும் புகாரின் பேரிலன்றி நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்காது. நம் செயலாளர் ஊர்க் காவல் நிலையத்திலும் இருப்புப்பாதைக் காவல் நிலையத்திலும் வெறுங்கையோடு திரும்பியதன் காரணம் இதுவே. அவர்கள் அலட்சியம் செய்யவில்லை. வழக்கு அவர்களிடம் இல்லை. எந்த நிலையத்தில் கேட்க வேண்டும் என்று ஒருவராவது வாய்திறந்து சொல்லியிருக்கலாம் என்பது வேறு விஷயம்.

ஆகவே கேட்டை உடைத்த ஓட்டுநரைப் பிடிப்பதும் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவதும் அதிகாரத்துக்கு உட்பட்டவையே. ஆனால் தரகர் சொன்ன பத்தாயிரம் ரூபாய் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் இல்லை. 160ஆம் பிரிவுக் குற்றத்தை அவ்விடத்திலேயே பணம் வாங்கி முடித்துவிட யாருக்கும் வழியில்லை. அது மாஜிஸ்டிரேட்டு முன்னர்த்தான் தீரும்.

ஆளில்லாக் கடவுகளைப் பற்றிச் சிறிது சொல்லிக் கடந்துவிடலாம். அகல ரயில் பாதைகளில் ஆளில்லாக் கடவுகள் அனைத்தும் 2019 ஜனவரி மாத இறுதிக்குள் அகற்றப்பட்டுவிட்டன. வேறு பாதைகளில் எஞ்சியவற்றுக்கு 161ஆம் பிரிவு பொருந்தும். கடவுக்கருகே வண்டியை நிறுத்தி ரயில் வருகிறதா என்று பாராமல் கடப்பதும், ரயில் கண்ணுக்குத் தெரியும்போதே கடப்பதும் அங்கே குற்றம். 1 ஆண்டு வரை சிறை. வண்டியை 'ஓட்டுபவர்' என்பதோடு 'நடத்திச் செல்பவர்' என்றும் அப்பிரிவு சொல்வதால் மாட்டு வண்டிக்காரரும் அதில் அடங்குவர். மோட்டார் வண்டிக்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 131ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே சென்று, வண்டியை நிறுத்திவிட்டுக் கிளீனரோ உடன்வருபவரோ கடவு வரை நடந்துசென்று பார்த்து வண்டியை வழிநடத்திக் கடத்தவேண்டும் என்கிறது. துணையில்லாவிட்டால் ஓட்டுநரே இறங்கிப் பார்க்கவேண்டும். பழைய லாரிக்காரர்கள் இதனைத் தவறாமல் செய்ததை நாம் கண்டிருக்கிறோம்.

கேட்டைவிட்டு நகர்ந்து பொதுச் சாலைக்கு வருவோம். கேட் திறந்துவிட்டது, நாம் எக்குற்றமும் செய்யவில்லை, ஆனாலும் அங்கு நிற்கும் பாதுகாப்புப் படை வீரர் ஒருவர், "லைசென்ஸ் எங்கே? இன்சூரன்ஸ் எங்கே? ஹெல்மெட் இல்லையா?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆம் பிரிவு, பொது இடத்தில் சீருடை அணிந்த போலீஸ் அதிகாரி கேட்டால் ஓட்டுநர் தம் லைசென்ஸைக் காட்டவேண்டும் என்கிறது. பாதுகாப்புப் படையின் பெயர் அங்கில்லை. அபராதத்தை அவ்விடத்திலேயே பெற்றுக் குற்றத்தை இணக்கமாகத் தீர்க்கும் அதிகாரம் 200ஆம் பிரிவின்படி மாநில அரசு அறிவிக்கையில் குறித்த அதிகாரிகளுக்கே உரியது. ஆகவே ஹெல்மெட்டுக்கும் அதிவேகத்துக்கும் அபராதம் விதிப்பது பாதுகாப்புப் படையின் வேலையன்று. அதே கேள்வியை இருப்புப்பாதைக் காவலர் கேட்டால் நிலைமை வேறு. அவர் மாநிலப் போலீஸ், சீருடையில் இருக்கிறார், லைசென்ஸைக் காட்டத்தான் வேண்டும். அட்டையாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. 2018ஆம் ஆண்டு முதல் டிஜிலாக்கரில் உள்ள மின்னணு ஆவணத்தைக் காட்டினாலும் செல்லும்.

ஆனால் இந்த வேற்றுமையைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டடியில் வாதாடக் கிளம்பிவிட வேண்டாம் என்று நம் இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கம்பம் முறிந்த இடத்தில் பாதுகாப்புப் படை அதிகாரி ஓட்டுநரின் பெயரையும் லைசென்ஸையும் கேட்பது வாகனச் சோதனையன்று. தம்மிடமுள்ள குற்றத்தின் விசாரணை. அங்கே "உமக்கு அதிகாரமில்லை" என்று பேசுவது பிழை. கேள்வி ஒன்றே, அது எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதிகாரம் உண்டாகிறது.

ரயில் நிலைய முற்றத்திலும் சரக்குக் கொட்டகையிலும் நம் வண்டிகள் நுழைகின்றன. பார்சல் இறக்கச் செல்லும்போது அங்குள்ளது பொதுச் சாலை போலத் தோன்றினாலும் அது ரயில்வேயின் நிலம். அந்த எல்லைக்குள் வண்டியின் ஓட்டுநரோ நடத்துநரோ ரயில்வே ஊழியரோ போலீஸ் அதிகாரியோ இடும் நியாயமான கட்டளையை மீறினால் 159ஆம் பிரிவு பாய்கிறது. 1989இல் வகுத்தபடி 1 மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதற்கும் பாதுகாப்புப் படையின் அதிகாரம் பெற்ற அதிகாரி வாரண்டின்றிக் கைதுசெய்யலாம். 'நியாயமான' என்ற சொல்லைச் சட்டம் போட்டுவைத்திருக்கிறது. வழியை மறிக்கும் வண்டியை எடு என்பது நியாயம். சொந்த மூட்டையை ஏற்றிக்கொண்டு போ என்பது நியாயமன்று. பாதையின் ஓரமாக ரயில்வே நிலத்தில் குறுக்குவழி கண்டுபிடித்து டிராக்டர் ஓட்டுவோரும் இருக்கின்றனர். அது அத்துமீறி நுழைதல். 147ஆம் பிரிவு அதற்கென்றே இருக்கிறது.

இதுவரை கூறியவற்றில் பாதுகாப்புப் படையின் கை ரயில்வே எல்லைக்குள்ளும் கேட்டடியிலும்தான் நீண்டது. அந்த எல்லையைத் தாண்டி, பத்து மைல் அப்பாலும் நம் வண்டியை வந்து தொடும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. வேளாண் பெருமக்கள் இதனைச் சற்று ஊன்றிக் கவனிக்கவேண்டும். பழைய தண்டவாளத் துண்டுகள் நம் கிராமங்களில் எத்தனை காரியத்துக்குப் பயன்படுகின்றன என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கொட்டகைக்குத் தூண், வாசலுக்கு உத்திரம், வேலிக்குக் கல்லுக்குப் பதில் கம்பம், பள்ளிக்கூடத்தில் மணி. பழைய இரும்புக் கடையில் நாலு துண்டு வாங்கி டிராக்டரில் போட்டுக்கொண்டு வருவோம். அத்துண்டு ரயில்வேயின் ஏலத்தில் முறைப்படி விற்கப்பட்டதாக இருந்தால் தொல்லையில்லை. திருட்டுச் சரக்காக இருந்தால், 1966ஆம் ஆண்டின் ரயில்வேச் சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டம் குறுக்கே நிற்கிறது. ரயில்வேச் சொத்து என்று நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க பொருள் ஒருவரிடம் இருந்தால், அது தமக்கு முறையாக வந்தது என்பதை அவரே மெய்ப்பிக்கவேண்டும். தவறினால் 5 ஆண்டு வரை சிறை உண்டு. பாதுகாப்புப் படை அதிகாரி வாரண்டின்றிப் பிடிக்கலாம். பொருளை ஏற்றிச்சென்ற வண்டியையும் மாட்டையுங்கூடச் சர்க்காருக்குப் பறிமுதல் செய்யும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். நூறு ரூபாய் மலிவாகக் கிடைத்த இரும்புக்காக டிராக்டரை இழப்பவரை என்னவென்று சொல்வது! கடைக்காரரிடம் பில்லைக் கேட்டு வாங்குங்கள். கொடாவிட்டால் இரும்பை அங்கேயே விட்டு வாருங்கள்.

இச்சட்டத்தைப் பற்றி இன்னொன்றும் உண்டு. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் வழக்கில் செல்லாது என்பதை நம்மில் பலர் அறிவர். ஆனால் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விசாரிக்கும் பாதுகாப்புப் படை அதிகாரி அந்தப் பொருளில் 'போலீஸ் அதிகாரி' ஆகார் என்று உச்ச நீதிமன்றம் 1980ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஆகவே அவரிடம் நாம் எழுதிக் கையொப்பமிட்டது நமக்கெதிராகவே வந்து நிற்கக்கூடும். எழுதப் படிக்கத் தெரியாத அங்கத்தினர், படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபின்னரே கைநாட்டு வைக்கவேண்டும். வெற்றுத் தாளில் ஒப்பமிடும்படி எவரும் கேட்கவும் கூடாது. நாம் இடவும் கூடாது.

கைதாகிவிட்டால் எந்தக் காவலரானாலும் நமக்குள்ள பாதுகாப்பு ஒன்றே. கைதுக்கான காரணத்தைச் சொல்லவேண்டும். வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விடவேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள மாஜிஸ்டிரேட்டு முன் நிறுத்தவேண்டும். அரசியலமைப்புச் சட்டத்தின் 22ஆம் உறுப்பும் ரயில்வேச் சட்டத்தின் 179ஆம் பிரிவும் இதனைக் கூறுகின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்ற விசாரணைச் சட்டப்படி, உறவினருக்கோ நண்பருக்கோ உடனே தகவல் சொல்லவேண்டியது கைதுசெய்பவரின் கடமை. பெண்களைச் சூரியன் மறைந்த பின்னும் உதிக்குமுன்னும், அசாதாரணக் காரணமிருந்து மாஜிஸ்டிரேட்டின் முன் அனுமதி பெற்றாலன்றிக் கைதுசெய்தல் கூடாது. நூல் வாங்க மொபெட்டில் செல்லும் நம் சகோதரிகளும் இதனை அறிந்திருப்பது நன்று.

நம் ஜமுக்காள வண்டியின் ஓட்டுநர் தப்பியோடியதுதான் நடந்தவற்றுள் மிகப் பெரிய தவறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவுப்படி, பிறர் சொத்துக்குச் சேதம் விளைந்தால் ஓட்டுநர் போலீஸ் அதிகாரி கேட்கும் விவரத்தைக் கொடுக்கவேண்டும். போலீஸ் அங்கில்லாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்கவேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அறிவிக்கவேண்டும். நின்று பெயரைச் சொல்லியிருந்தால், கவனக்குறைவு என்று அவர் சொல்வதை ஒருவராவது நம்பியிருப்பர். ஓடியவரின் சொல்லை யார் நம்புவது? நான்காம் நாள் சங்கத்தின் வழக்கறிஞரோடு அவர் தாமே மாஜிஸ்டிரேட்டு முன் ஆஜரானார். ஜாமீன் கிடைத்தது.

வண்டிக்கும் சரக்குக்கும் தனி மனுப் போடவேண்டியிருந்தது. கைப்பற்றிய வாகனங்களைக் காவல் நிலைய வளாகங்களில் நெடுங்காலம் துருப்பிடிக்க விடுவதில் எப்பயனுமில்லை, தக்க உறுதிப்பத்திரம் பெற்று உரியவரிடம் விரைவில் ஒப்படைக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டிலேயே கூறியிருக்கிறது. வழக்கறிஞர் அதனை எடுத்துக்காட்டினார். வண்டியைப் படம் எடுத்துப் பதிவுசெய்து, உரிமையாளரிடம் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு பதினோராம் நாள் விடுத்தனர். சரக்கு குற்றத்தில் சம்பந்தப்பட்டதன்று என்பதால் அது ஐந்தாம் நாளே கிடைத்தது. தரகருக்குக் கொடாத பத்தாயிரத்தில் ஒரு பகுதி வழக்கறிஞருக்கும் பத்திரச் செலவுக்கும் போயிற்று. அதற்கெல்லாம் ரசீது இருக்கிறது.

கம்பம் அப்போது 'மூடப்பட்டு' இருந்ததா, மூடிக்கொண்டிருந்ததா என்பதே இப்போது வழக்கின் முடிச்சு. சட்டத்தின் சொல் 'மூடப்பட்ட கேட்' என்பதால் அதனை வழக்கறிஞர் பற்றிக்கொண்டிருக்கிறார். கேட் காப்பாளரின் பதிவேட்டில் எழுதியுள்ள நேரமும், தொலைபேசித் தகவல் வந்த நேரமும் சாட்சியமாக வரவிருக்கின்றன. இப்படியொரு வாதம் நீதிமன்றத்தில்தான் எடுபடும், சாலையில் எடுபடாது. ஓட்டுநரின் லைசென்ஸ் இன்னும் கோர்ட்டில் இருக்கிறது. அவர் இப்போது சங்கத்தின் சாயப்பட்டறையில் நூல் உலர்த்தும் வேலை பார்க்கிறார். கட்டுகள் கிடங்கு சேர்ந்தபோது, கம்பத்தில் மாட்டிக் கிழிந்த இரண்டு ஜமுக்காளங்களைக் கிடங்கு அதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார். அவற்றை நெய்த அங்கத்தினர்க்கு உரிய கூலியைச் சங்கம் பிடிக்கவில்லை என்று செயலாளர் எழுதியிருக்கிறார்.